கோல்ஃப் மாமி

எங்கள் கட்டிடத்தில் அவளுக்குப் பெயர் கோல்ஃப் மாமி. வாசல் பலகையில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தபால்காரர்கூடக் கீழே நின்றுகொண்டு, "கோல்ஃப் மாமி கா ரெஜிஸ்டர் ஹை!" என்றுதான் ரெஜிஸ்டர் தபாலுக்குக் கூப்பிடுவார். இத்தனைக்கும் மாமி தன் வாழ்நாளில் ஒரு கோல்ஃப் ஸ்டிக்கைக் கையால் தொட்டதில்லை.

மும்பை செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் சாலை, சாலைக்கு அப்பால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். நாலாவது மாடியில் மாமியின் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கொடியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்லும் தெரியும். பந்தைக் குழிக்குள் தட்டி விடுகிற கடைசிக் காரியம் மட்டும்தான் அங்கே நடக்கும். ஓங்கி அடிப்பதை மாமி பார்த்ததே கிடையாது. எங்கிருந்தோ ஒரு பந்து வந்து விழும். அதற்குள் சாதமே வெந்துவிடும், பிறகுதான் பந்துக்குச் சொந்தக்காரர் வருவார். மாமி கையில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே, "மூணு தட்டு தட்டியிருக்கான். ரெண்டுன்னு கார்டுலே எழுதுவான் பாரு" என்பாள். கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி.

மூன்றாவது மாடியில் நாங்கள். அப்பா போன பிறகு நானும் அம்மாவும் மட்டும். அம்மாவும் மாமியும் ஏழெட்டு வருஷ இடைவெளியில் மாதுங்காவில் ஒரே இன்ஸ்டிட்யூட்டில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்தவர்கள். அம்மா கல்யாணத்தோடு அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். மாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்லார்ட் பியரில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, அதிலேயே ரிட்டயர் ஆனாள். அவளுடைய முதல் மேலதிகாரி ஊர் திரும்பும்போது அலமாரி நிறைய கோல்ஃப் பத்திரிகைகளை விட்டுப் போனார். மாமி அவற்றை ஷார்ட்ஹேண்ட் பழகுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரையாவது வாசிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டு எழுதுவாள். எழுதி எழுதி கோல்ஃப் அவளுக்குள் இறங்கிவிட்டது. பிறகு கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து வாங்க ஆரம்பித்தாள்.

அந்தப் பத்திரிகைகளில் ஒரு மனிதர் இருந்தார். எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு ஆடிய காலத்து அமெரிக்கர். கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் பிள்ளை. சின்ன வயதில் பிறத்தியார் பையைச் சுமந்து, அவர்கள் அடிப்பதைப் பார்த்தே ஆட்டம் கற்றவர். ஊர் ஊராகப் பந்தயம் ஆடப் போகும்போது மனைவி காரை ஓட்ட, இவர் பின் சீட்டில் படுத்துத் தூங்குவாராம். வருஷக் கணக்காக ஒரே பச்சை ஸ்வெட்டர். முழங்கையில் கிழிந்ததை மனைவி வேறு நூலால் தைத்தது படத்தில் தெரியும். எத்தனையோ தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார். இதெல்லாம் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். அமெரிக்க ஜனாதிபதி யாரென்று தெரியாத வயதில் எனக்கு அவருடைய ஸ்வெட்டரைத் தெரியும்.

அந்தக் கதையின் முக்கியமான இடத்தை மாமி எப்போதும் ஒரே மாதிரி சொல்வாள். "பெரிய பந்தயம். கடைசி நாள். பந்து புல்லுக்குள்ளே கெடக்கு. இவர் ஸ்டிக்கைப் பின்னாடி வெக்கறார், பந்து ஒரு நூல் நகந்துடுத்து. நகந்தா ஒரு அடி சேத்துக்கணும், அதான் சட்டம். யாரும் பாக்கலே. இவர்தான் பாத்தார். அவரே போய்ச் சொன்னார். கோப்பையைத் திருப்பிக் குடுத்துட்டார்."

"கோப்பையை அவருக்குக் குடுத்தப்பறமா சொன்னார்?" என்று ஒருதரம் கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும்.

"தோசை ஆறிப் போறது, சாப்பிடு" என்றாள் மாமி.

அந்த ஓர் அடி மாமியின் வாழ்க்கை முழுவதும் நடமாடிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் எங்களோடு கேரம் ஆடுவாள். நன்றாகவே ஆடுவாள். ஜெயிக்கப் போகிற நேரத்தில் கையைத் தூக்கி, "இருங்கோ, என் தலைப்பு வெள்ளைக் காய் மேலே பட்டுடுத்து" என்று ஒரு காயை எடுத்துத் திரும்ப நடுவில் வைப்பாள். நாங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டோம். பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். நவராத்திரியின்போது தமிழ்ச் சங்கத்தில் கோலப் போட்டி வைத்தார்கள். மாமிக்கு முதல் பரிசு, மூடி போட்ட எவர்சில்வர் சம்படம். மேடையேறி அதை வாங்கிக்கொண்டு, மைக்குக்கு முன்னால் நின்று, "மணி அடிச்சப்பறம் ஒரு புள்ளியைச் சரி பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு, சம்படத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். இரண்டாம் பரிசுக்காரிக்குச் சம்படத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று புரியவில்லை. கடைசியில் அதில் சுண்டல் போட்டு எல்லோருக்கும் விநியோகித்தார்கள்.

பிறத்தியாரை மாமி முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் ப்ராக்டிகல் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கைக் காப்பியடித்து எழுதியதைப் பெருமையாகச் சொன்னபோதுகூட, "அப்படியா" என்று காபியை ஆற்றிக் கொடுத்தாள். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நம் கைப்பையை நாமே ஒருதரம் திறந்து பார்த்துக்கொள்ளத் தோன்றும். பிடித்த மனுஷிதான், ஆனாலும் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ரீடெவலப்மென்ட் வந்தது.

மும்பையில் பழைய கட்டிடத்தில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. பில்டர் பழையதை இடித்துப் புது டவர் கட்டுவான், இருந்தவர்களுக்கு அதில் புது வீடு. எங்கள் கட்டிடத்தில் மழைக்கு மழை ஒழுகும். லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு அதற்குள் இரண்டு முழங்காலும் போயிருந்தது. மூன்று மாடி ஏற இருபது நிமிஷம் ஆகும். கோயிலுக்கும் கறிகாய்க்கும் போவதை விட்டு வீட்டோடு கிடந்தாள். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பதுதான் அவளுக்கு வெளியுலகம். புது டவர் என்றால் அம்மாவுக்கு லிஃப்ட். வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. மாமிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பதினோராவது மாடியில் மைதானத்தைப் பார்த்த வீடு என்று பில்டரின் ஆள் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியிருந்தான். "முழு மைதானமும் தெரியுமாம். ஓங்கி அடிக்கறதைப் பாக்கலாம்டி" என்று என்னிடம் சொன்னபோது மாமி சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

இருபத்து நாலு வீடு. பதினேழு பேர் சம்மதித்தால் காரியம் நடக்கும் என்று முடிவாகியிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று சீட்டில் எழுதிப் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். நேரம் மாலை ஆறு மணி வரை, பிறகு டின்னின் மூடிமேல் காகிதம் ஒட்டிவிட வேண்டும். மாமிதான் சொசைட்டி செகரெட்டரி. டின்னுக்குக் காவல் இருக்க அவளை விட்டால் யார்? ஆறரை மணிக்கு எல்லோர் முன்னாலும் டின்னைத் திறந்து எண்ணினார்கள். சரியாகப் பதினேழு. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த எட்டு நாளும் அம்மா பேசியதெல்லாம் லிஃப்ட் பற்றித்தான். மாமி வந்து உட்காருவாள், அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். லிஃப்ட்டில் கதவு எப்படி இருக்கும், கரண்ட் போனால் என்ன ஆகும், முதலில் எந்தக் கோயிலுக்குப் போவது. மாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு யார் கவனித்தார்கள்?

ஒன்பதாம் நாள் கூட்டம். பில்டரின் ஆட்கள் பேடா இனிப்பு டப்பாக்களோடு வந்திருந்தார்கள். சேர்மன் பாய் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர். போன கூட்டத்தின் மினிட்ஸை வாசிக்கும்படி மாமியைக் கேட்டார். மாமி எழுந்து நின்று, முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்ததை வாசித்தாள். கடைசி வரியும் அதே குரலில்தான் வந்தது. செகரெட்டரியின் சீட்டு ஆறு மணி ஏழு நிமிஷத்துக்குப் பெட்டியில் போடப்பட்டது, அது செல்லாது, எனவே சம்மதம் பதினாறு.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. பாய்க்குத்தான் முதலில் புரிந்தது.

"மாமி, என்ன பேச்சு பேசுதிய? ஒங்க ஓட்டுதான? நீங்கதான போட்டிய? ஏழு நிமிசத்துல என்ன ஆயிரப் போவுது? சோடோ மாமி, விடுங்க, அந்த வரிய அடிச்சிருங்க."

"காலம்பறலேந்து அதைப் பாத்துண்டு, இதைப் பாத்துண்டு, என் சீட்டை டயரிக்குள்ளேயே மறந்துட்டேன், பாய். டின் மேலே காயிதம் ஒட்டினப்பறம்தான் பாத்தேன். ரூம்ல யாரும் இல்லே. காயிதத்தைப் பிரிச்சு, சீட்டைப் போட்டுட்டு, திரும்ப ஒட்டினேன்."

"அதான் யாரும் இல்லைல்லா?"

"ரெண்டாம் மாடிக்காரர் ஆறு அஞ்சுக்கு ஓடி வந்தார். டைம் ஆயிடுத்துன்னு அவரைத் திருப்பி அனுப்பினது நான். அப்பறம் ரெண்டு நிமிஷம் கழிச்சு நான் போடறேன்."

இரண்டாம் மாடிக்காரர் வேண்டாம் என்ற கட்சி. அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் பாயால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேடா டப்பாக்களை யாரும் திறக்கவில்லை. அந்த பில்டர் காத்திருக்க மாட்டேன் என்று தேவ்நாரில் வேறு கட்டிடத்துக்குப் போய்விட்டான். ஆறு மாதம் கழித்து இன்னொருவனுக்காக மறுபடி ஓட்டு எடுத்தோம். அதற்குள் இரண்டு பேர் மனம் மாறியிருந்தார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு மாமி மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் அது முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கூட்டம் முடிந்த அன்றே படியில் அவளை மறித்தேன்.

"மாமி, சொல்றதுன்னா அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? மேடையிலே நின்னுண்டு ஒரு புள்ளிக்குச் சொன்னேள். இதுக்கு மட்டும் ஏன் ஒன்பது நாள்? ஒன்பது நாள் அம்மாவுக்கு ஆசை காட்டிட்டு..."

"ஆமாம்" என்றாள் மாமி. அவ்வளவுதான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

எனக்குப் புரியாமல் போனது அதுதான். கேரம் காயைத் திரும்ப வைக்க ஒரு நொடி காத்திராதவள் இதை ஏன் அடைகாத்தாள்? பதினோராவது மாடி ஆசையா? அப்படித்தான் கட்டிடத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா அந்தப் பேச்சில் சேரவில்லை. ஒரே ஒருதரம், "அவளுக்கு அவ கார்டு சுத்தமா இருக்கணும். நான் படி ஏறினா என்ன, ஏறாட்டா என்ன" என்றாள். அன்றிலிருந்து மாமியோடு பேச்சை நிறுத்தினாள்.

மறுநாள் காலை எங்கள் கதவுப் பிடியில் பால் பாக்கெட் பையோடு தொங்கியது. அதற்கு முன்பு காலையில் பால் வாங்கி வருவது என் வேலை. மாமி ஆறு மணிக்கு நாலு மாடி இறங்கி பால் பூத்துக்குப் போய், ஏறி வரும்போது எங்கள் பங்கை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. மழை, பந்த், கணபதி ஊர்வலம் எதுவும் அதை நிறுத்தவில்லை. ஐந்து வருஷம். அவளுக்கும் முழங்கால் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறும் செருப்புச் சத்தம் உள்ளே கேட்கும். அம்மா விழித்துக்கொண்டுதான் இருப்பாள். சத்தம் எங்கள் வாசலைத் தாண்டி மேலே போன பிறகு கதவைத் திறந்து பையை எடுப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மாமி வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனாள். போகும்போது ஓர் அட்டைப்பெட்டியை என்னிடம் கொடுத்து, "படிக்கத் தோணினா படி. தோணலேன்னா பழைய பேப்பர் வாங்கற ரத்திவாலாகிட்ட போட்டுடு" என்றாள். எல்லாம் கோல்ஃப் பத்திரிகைகள். நான் பிரிக்காமல் பரணில் ஏற்றினேன். அம்மா ரூமுக்குள்ளேயே இருந்தாள். டாக்ஸி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் கிரில் பக்கம் வந்தாள்.

இந்த மழைக்குப் பரணும் ஒழுகியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியை இறக்கி, நனைந்த இதழ்களை ஃபேனுக்கு அடியில் தரையெல்லாம் பரப்பினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அப்படியே ரத்திவாலாவைக் கூப்பிட்டுக் குடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் புதிய இதழ் ஒன்று, ஒரே பக்கத்தில் திறந்து பழகியதால், தானாக அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. படத்தில் ஒரு கிழவர். வாசித்தேன். பச்சை ஸ்வெட்டர்காரர்தான்.

அந்தப் பெரிய பந்தயத்தில் அவர் ஓர் அடியில் ஜெயித்திருக்கிறார். பந்து நகர்ந்ததை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. கோப்பையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் கழித்து, மனைவி இறந்த பிறகு, கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பந்தயம் நடத்தியவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வாங்கிக்கொள்ள மறுக்க, மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். ஏன் இத்தனை வருஷம் என்று பேட்டி எடுத்தவர் கேட்கிறார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன், அவள் அந்தக் கோப்பையைத் தினமும் துடைத்து வைப்பாள் என்கிறார். அந்த வரியின் கீழே பென்சில் கோடு.

அவரே போய்ச் சொன்னார், கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எப்போது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பக்கத்தின் ஓரத்தில் நீல பால்பாயிண்டில் கோழிக் கிறுக்கலாக என்னவோ இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்பது வரி. ஷார்ட்ஹேண்ட். அம்மாவிடம் நீட்டினேன்.

"மறந்து போச்சுடி, அதெல்லாம் அம்பது வருஷமாச்சு" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். "டுமாரோ" என்றாள். அடுத்த வரியில், "இதுவும் டுமாரோ." அடுத்ததும் அதுவே. நாலாவது வரி கொஞ்சம் நீளம். அங்கே விரல் நின்றுவிட்டது. அம்மா உதட்டை அசைத்து இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"லிஃப்ட்டுக்குள்ளே உக்காந்துக்க ஒரு ஸ்டூல் போடுவாளான்னு கேக்கறா. டுமாரோ." அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "நான்தான் கேட்டேன். அவகிட்டதான் கேட்டேன். அன்னிக்கு அடை பண்ணிக் கொண்டு வந்திருந்தா."

எட்டு வரியும் டுமாரோ. ஒன்பதாவது வரி, சொல்லிட்டேன் என்று. பதினோராவது மாடியைப் பற்றி எங்கேயும் ஒரு கோடுகூட இல்லை.

அம்மா இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஃபேன் காற்றில் தரையில் கிடந்த பக்கங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. பிறகு, "நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு அந்தப் பக்கம், "யாரு?" என்றது பழைய குரல்.

அம்மா என்ன பேசுவது என்று யோசித்திருக்கவே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, ஏழு வருஷம் கழித்து, "மாமி, பால் வாங்கியாச்சா?" என்றாள்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் நின்றது.

"ஆச்சு. இங்கே அவாளே கொண்டுவந்து தரா" என்றாள் மாமி. கொஞ்சம் பொறுத்து, "இங்கே லிஃப்ட் இருக்குடி. உள்ளே ஸ்டூல்கூடப் போட்டிருக்கா" என்றாள்.

"அப்பறமென்ன, சௌகரியம்தான்."

"நான் உக்காரறதில்லே. நின்னுண்டேதான் போறேன்."

அம்மா போனை இரண்டு கையாலும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "உக்காருங்கோ, மாமி" என்றாள்.